ஒரு நிமிஷம் ஒன்பது புள்ளி நாலு

விளக்கு இன்னும் சிவப்பில்தான் நின்றது. நிற்கட்டும், எத்தனை நேரம்தான் நிற்கும், பார்த்துவிடலாம் என்று கோகிலவாணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயசு, வலது முழங்காலில் தேய்மானம், தலையில் எட்டு மாசத்துக்கு முன் செத்துப்போன புருசன் நாச்சிமுத்துவுடைய ஹெல்மெட். இந்த வண்டிக்குள் யாரும் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும்; ஒரு காலை உள்ளே விட்டு, குனிந்து, பக்கத்துச் சட்டத்தில் கையை ஊன்றி, மிச்ச உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். அவள் அப்படி இறங்கும்போது ஓரத்தில் நின்ற ஆம்பளைகள் அத்தனை பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மரியாதையாம். மகன் தருண் மட்டும் கையை நீட்டினான். "பார்த்தும்மா, மெதுவா. ரெண்டே ரவுண்டு, வீடியோவுக்குத்தான். நாற்பதுக்கு மேல போகாத." தங்கமான பிள்ளை, அப்பாவின் பம்ப்செட் கம்பெனியைக் குறையில்லாமல் நடத்துகிறான், ஆனால் அவனுக்குக் கார் என்றால் ஏசி, பாட்டு, காபி டம்ளர் வைக்க ஒரு குழி. நாற்பதாம். நாற்பதில் இந்த வண்டி இருமும். "சரி சாமி" என்று மட்டும் சொல்லி ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டாள், முகத்தில் என்ன ஓடுகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் பாருங்கள், அதற்குத்தான். ட்ராக்கில் பைக்குக்காரர்கள் கடைசி ரவுண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வெளியே வந்ததும் பச்சை விழும்.

காலை பதினொரு மணி வெயில், கோயமுத்தூர் வெயில்தான், ஆனாலும் ஹெல்மெட்டுக்குள் அது வேறு வெயில். வேர்த்தது. வேர்க்கட்டும், இதில் ஏசி கிடையாது. ரேடியோ கிடையாது, அது இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைத் தகடு. கதவைச் சாத்தக் கைப்பிடி கிடையாது, ஒரு துணிப்பட்டை தொங்குகிறது, அதைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியது. ஜன்னலில் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடு. அதில் ஒரு கை நுழைகிற அளவுக்கு நகர்த்தித் திறக்கும் ஓட்டை. கால் வைக்கிற இடத்தில் விரிப்பு இல்லை. முதல்முதலாக இறக்குமதியாகி வந்த அன்று தருண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பாதி வேலையிலேயே அனுப்பிட்டானா?" என்று கேட்டான். கோகிலவாணிக்கு அன்றைக்கே சிரிப்பு வந்தது. அட மக்கு, பாதி வேலையில் அனுப்பவில்லையடா, எல்லா வேலையும் முடித்துவிட்டு, வேண்டாதது எது எது என்று உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்திருக்கிறான் அந்த இத்தாலிக்காரன். என்ன பிடிவாதம் இருந்தால் ஒருத்தன் அப்படிச் செய்வான்! சேர்ப்பது எவனுக்கும் வரும். மொத்தம் தொள்ளாயிரத்து இருபது கிலோ. வீட்டில் நிற்கிற பெரிய வண்டியில் பாதி கூடக் கிடையாது. அது வந்த மறுநாளே நாச்சிமுத்து ஒரு பித்தளைப் பிள்ளையாரைக் கொண்டுவந்து முன்னால் ஒட்ட, அவள் அதைப் பிடுங்கிச் சமையல்கட்டுத் தராசில் வைத்துப் பார்த்தாள். முந்நூற்று எண்பது கிராம். "சாமி கோவிச்சுக்கும் வாணி" என்றார். "கோவிச்சுக்காதுங் மாமா, சாமி என் கைப்பையில வரட்டும்" என்றாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார் பிள்ளையார், தருண் கையில் இருக்கிற கைப்பையில், மூக்குக்கண்ணாடிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே.

வண்டியை வாங்க வந்திருந்த ஆதிகேசவன் ஒரு பித்தளைத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வேறு பித்தளை. சென்னையில் கண்ணாடி ஹாலில் நாற்பத்தொரு வண்டி வைத்திருக்கிற மனுசன், நல்லவர்தான், வந்ததும் நாச்சிமுத்துவின் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்டார். "உங்க வண்டியை இருபத்திரண்டு டிகிரியில வச்சிருப்பேம்மா, தூசி படாது" என்றார். தூசி படாதாம். இவள் வண்டிக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டவர் யார்? லாரி பின்பக்கம் திறந்து, பலகை சரித்து, தயாராக நின்றது. ரெண்டு ரவுண்டு முடிந்ததும் கையெழுத்து. அப்புறம் அந்தத் தகடு. அதைக் காலையில் காகிதம் பிரித்து அவள் கையிலேயே கொடுத்தார், ஆசையாக. பித்தளையில் அழகாக வெட்டியிருந்தது: நாச்சிமுத்து, ஒரு நிமிஷம் ஒன்பது புள்ளி நாலு. இந்த ட்ராக்கில் இந்த வகை வண்டியில் யாரும் தொடாத நேரம். "வண்டி முன்னாடி இதைத்தாம்மா வைக்கப்போறேன். ஓட்டினவர் பேர் இல்லாம இந்த வண்டிக்கு என்ன மதிப்பு?" என்றார். ரொம்பச் சரி. ஓட்டினவர் பேர் இல்லாமல் என்ன மதிப்பு. தொண்டை வரைக்கும் வந்ததை அவள் அப்போது விழுங்கிக்கொண்டாள், விழுங்கினது இன்னும் உள்ளே இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கிறது, அதன் மேல்தான் இப்போது சீட்டோடு கட்டுகிற நாலுமுனைப் பட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் எழுதினால் கிழிக்கலாம். பித்தளையில் வெட்டிவிட்டால் அவள் செத்து, தருண் செத்து, பேரன் பேத்தி வந்து பார்த்தாலும் நாச்சிமுத்து, நாச்சிமுத்து, நாச்சிமுத்து.

அந்த ஓட்டம் அவருடையது இல்லை. அதை ஓட்டியது இவள். மூணு வருசத்துக்கு முன்னால், தை மாசம், காலை ஆறு இருபதுக்கு. இந்த ட்ராக்கில் கிளப் மெம்பர் மட்டும்தான் ஓட்டலாம், மெம்பரின் சம்சாரம் குடை பிடித்துக்கொண்டு உட்காரலாம், கேசரி சாப்பிடலாம். ஆனால் பம்ப்செட் கம்பெனிக்குப் பின்னால் இருந்த தனி ரோட்டில் பதினைந்து வருசம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவருக்குச் சமமாக ஓட்டிப் பழகியவள் இவள். சமமாக என்ன, பத்தாவது வருசத்திலேயே முந்திவிட்டாள், அவரே வாய்விட்டுச் சிரித்து ஒத்துக்கொண்டார். ரெண்டு பேரும் ஒரே உயரம். அவருடைய ஓவரால், அவருடைய ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டால் பெத்த தாய்க்கே தெரியாது. அப்படி அஞ்சு காலை ஓட்டினாள், திருட்டுத்தனமாக, அவர் ஓரத்தில் நின்ற வேனுக்குள் யார் கண்ணிலும் படாமல் குனிந்து உட்கார்ந்திருப்பார். அஞ்சாவது காலையில் பட்டையை இறுக்கும்போது தாலிக்கொடி எலும்பில் குத்தியது. பத்துப் பவுன் கொடி. சட்டென்று கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் ரெண்டு பேருக்குமே திக்கென்றது. கல்யாணமாகி முப்பது வருசத்தில் கழற்றாதது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். "எம்பது கிராம் குறைஞ்சுது, போய் ஓட்டு" என்றார். ஓட்டினாள். வண்டிக்குள் ஒட்டியிருக்கிற சின்னப் பெட்டி கோட்டைத் தாண்டும்போது நேரத்தை மேலே டவருக்குச் சொல்லும். பெட்டி வண்டிக்குத்தான், வண்டி யார் பேரிலோ அவர் பேர்தான் நேரப் பலகையில் ஏறும். ஏறியது. அது யார் தப்பு? பெட்டியின் தப்பா? அவசரப்பட்டு யாரையும் குறை சொல்லக்கூடாது, ரெண்டு பேரும் சேர்ந்து செய்த கள்ளத்தனம்தானே. அதுவரைக்கும் சரி. அதுவரைக்கும் அவளுக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் கிடையாது.

அந்தச் சிரிப்புதான். அடுத்த ஞாயிறு கிளப் விருந்தில் செயலாளர் எழுந்து, "நம்ம நாச்சிமுத்து அண்ணன் அறுபது வயசுல போட்டிருக்கற நேரத்தைப் பாருங்க" என்று சொல்ல, எல்லாரும் கை தட்ட, அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு மோர் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை மனுசன். உண்மையும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? மன்னிச்சுக்கோ என்றா? பார்த்தியா எப்படி ஏமாத்திட்டோம் என்றா? இல்லை, இது இனிமேல் என்னுது என்றா? மூணு வருசமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினோரு நாளும் கேட்கலாம் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் கொண்டுவந்து, சாகிற மனுசனிடம் போய் ஒரு லேப் டைமைக் கேட்பாளா ஒருத்தி என்று அடக்கிக்கொண்டாள். கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கத்தான் வேண்டும்! அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, "ஏனுங், சொல்லியிருக்கலாமல்ல?" என்று மெதுவாகக் கேட்டதற்கு, "சொன்னா மெம்பர்ஷிப்பே போயிருமே வாணி. எம் பேர்ல இருந்தா என்ன, உம் பேர்ல இருந்தா என்ன?" என்றார். எல்லாரும் சொல்கிறதுதான். ஒன்றுதான் என்றால் அவள் பேரில் இருந்திருக்கட்டுமே. அந்த மெம்பர்ஷிப் போகவில்லை, ஆள்தான் போனார். போனதும் விதிப்படி மெம்பர்ஷிப் சம்சாரத்துக்கு மாறியது, அட்டையில் அவள் போட்டோவோடு வந்துவிட்டது. தருண் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், வண்டி விற்கத் தேவைப்படும் காகிதம் என்று நினைத்துக்கொண்டு. ஓவராலின் மேல்பையில் அந்த அட்டை இப்போது இருக்கிறது. அவர் செத்துத்தான் இவள் இந்த விளக்குக்கு முன்னால் நியாயமாக உட்கார முடிந்தது. இதை நினைத்தால் அழுகை வர வேண்டும். கோபம்தான் வந்தது, அவர் மேல் இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டும் கோபம்தான் வந்தது. வரட்டும், ரெண்டும் இருக்கட்டும், உள்ளே இடம் இருக்கிறது. கழற்றிக் கொடுக்க இன்றைக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை.

பைக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாலு. அஞ்சு. இன்னும் ஒன்று. முதுகுக்குப் பின்னால், ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம், எஞ்சின் உயிரோடு முனகிக்கொண்டிருந்தது, தோள்பட்டை வழியாகப் பல்லுக்கு வந்தது. மூணு வருசமாக இவள் இதை ஓட்டவில்லை. அந்த விருந்துக்கு அப்புறம் வேனில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள், அதுவும் வீம்புதான். ஒருவேளை அன்றைக்கு ஓட்டியது ஒரு குருட்டு அதிர்ஷ்டமோ? பனி, குளிர்ந்த காற்று, புது டயர், யாருக்கும் அப்படி ஒரு நாள் வாய்க்கும். ஒருவேளை தருண் சொன்னதுதான் சரியோ, நாற்பதில் ரெண்டு ரவுண்டு, கையெழுத்து, வீடு, சாப்பாடு. மூணாவது திருப்பம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இறக்கம். இடது பக்கம் திரும்ப வேண்டும், நேராகப் போனால் பழைய டயர்களை அடுக்கிய சுவர். ஓரத்தில் வெள்ளை அடித்த ஒரு டிரம். நாச்சிமுத்து எப்போதும் டிரம்முக்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்துவிடுவார். இவள் டிரம்மைத் தாண்டி, ஒன்று, ரெண்டு என்று மனசுக்குள் எண்ணிவிட்டுத்தான் மிதிப்பாள். அந்த ஒன்று ரெண்டில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே தருண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், செல்போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டான். ஆதிகேசவன் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பயமா இருக்குதா கோகிலவாணி? இருக்குது. அதுக்கென்ன இப்போ? பச்சை விழுந்தது.

முதல் ரவுண்டு டயரைச் சூடாக்க. பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தையில் ஒரு ரவுண்டையாவது காப்பாற்றினாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன், நாற்பது இல்லாவிட்டாலும் எண்பது. ஸ்டியரிங்குக்கு உதவி மோட்டார் கிடையாது, ரோட்டில் ஒரு பொடிக்கல் இருந்தால் உள்ளங்கைக்கு வந்து சொல்கிறது, தார் மாறுகிற இடம் சொல்கிறது, பின் டயர் சலித்துக்கொண்டால் அதையும் முதுகு வழியாகச் சொல்கிறது, ஒளிவுமறைவே இல்லாத வண்டி, இப்படி ஒரு ஆளை அவள் இன்னும் பார்க்கவில்லை, வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்திருந்தால் பித்தளைத் தகடு வந்திருக்காது. கோடு வந்தது. ரெண்டாம் ரவுண்டு. காலை முழுசாக அழுத்தினாள். தோள் பின்னால் ஒட்டியது, சத்தம் முனகலிலிருந்து கத்தலாக ஏறியது, உலோகத் தகட்டுப் பள்ளத்துக்குள் கியர் குச்சி டிக் என்று விழுந்தது, டிக், இன்னொரு டிக், அந்தச் சத்தத்துக்காகவே வாழலாம் என்று தோன்றியது. ஓரத்தில் தருண் வாயைத் திறந்து ஏதோ கத்தியது தெரிந்தது, கேட்கவில்லை. முதல் திருப்பம், மூக்கு திரும்பியது, இவள் நினைத்து முடிப்பதற்குள் திரும்பிவிட்டது, கனம் இல்லாததால் யோசனை இல்லை, கனம் இல்லாததால் தயக்கம் இல்லை. ரெண்டாவது. இறக்கம். டிரம். டிரம் வருது, தாண்டணும், ஒன்று என்று எண்ண வாயெடுப்பதற்குள் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. டிரம்முக்கு முன்னாலேயே. நாச்சிமுத்து மிதிக்கிற அதே இடத்தில். ச்சீ! "மாமா, காலை எடுங்க!" என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினாள், கத்திவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணி கொட்டியது, அதற்கும் நிற்க நேரமில்லை, நாலாவது திருப்பம் வந்துவிட்டது. அந்த மனுசனுக்கும் இங்கே இப்படித்தான் பயமாக இருந்திருக்கும். பயந்து பயந்து முன்னாலேயே மிதித்து, தன்னால் முடியாத ஒன்றைப் பெண்டாட்டி செய்ததை வேனுக்குள் குனிந்து உட்கார்ந்து பார்த்து, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன்னுடையதாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார். ஒரு நாள் ஆசை. அதைப் பித்தளையில் வெட்டத்தான் கூடாது. மிச்சத் திருப்பங்களில் அவள் ஒன்றையும் விடவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகுதான் காலைத் தளர்த்தினாள்.

வண்டியை நிறுத்தி நாலுமுனைப் பட்டையை அவிழ்ப்பதற்குள் தருண் ஓடி வந்தான். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? உயிரே போயிருச்சு எனக்கு!" முகம் வெளிறிப் போயிருந்தது, பாவம். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். டவரிலிருந்து நேரம் குறிக்கிற பெர்னாட் இறங்கி வந்துகொண்டிருந்தார், எழுபது வயசு, கையில் கறுப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷும். இங்கே பலகையில் அவர் கையால்தான் எல்லாப் பேரும் ஏறும். "ஒரு நிமிஷம் பன்னிரண்டு புள்ளி ஒண்ணுங் அம்மிணி" என்றார். கிட்டத்தட்ட மூணு வினாடி கூட. கோகிலவாணிக்குச் சுருக்கென்றது; பரவாயில்லை, அந்த மூணு வினாடியும் எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "ரெண்டாவது இடமுங். பலகையில ஏத்தணும், யார் பேர் எழுதட்டும்?" ஓவரால் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "கோகிலவாணின்னு எழுதுங். மேல இருக்கற ஒன்பது புள்ளி நாலும் நான் ஓட்டினதுதானுங்." எல்லாரும் கேட்கச் சொன்னாள். தருண் அம்மாவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். ஆதிகேசவன் மெல்லச் சிரித்து, "இல்லம்மா, அது சார் ஓட்டினது, இப்ப நீங்க மூணு செகண்ட் ஜாஸ்தி..." என்று இழுத்தார். பெர்னாட் பிரஷை டப்பாவில் முக்கியபடி, யார் முகத்தையும் பார்க்காமல், "அண்ணன் டிரம்முக்கு முன்னாடியே பிரேக் புடிச்சிருவாருங். அன்னைக்கு ஓட்டுனவங்க தாண்டிப் புடிச்சாங்க. மேலிருந்து நான் பார்த்தனுங்" என்றார். "தெரிஞ்சுமா எழுதினீங்க?" என்று வெடித்தாள் கோகிலவாணி. "பெட்டி சொன்ன பேரை எழுதினனுங். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு மூணு வருசமாப் பார்த்துட்டு இருக்கறன்" என்றார் அவர்.

"நீயாம்மா?" என்றான் தருண். "நான்தான் சாமி. லாரியை அனுப்பிரு." ஆதிகேசவன் கையிலிருந்த தகட்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, சமையல்கட்டில் நிறுப்பதுபோல் ரெண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "கால் கிலோவுக்கு மேல இருக்குமுங். இந்த வண்டி தாங்காது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மனுசன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பெர்னாட் நாச்சிமுத்து பேருக்குக் கீழே அவள் பேரை எழுதி முடித்தார், எழுத்துக் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது, பெயின்ட் ஒரு இடத்தில் வழிந்தது. புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் மேலும் கீழுமாகப் பலகையில் நின்றார்கள், அவளை முந்திக்கொண்டு அவளே நின்றாள். "மேல இருக்கறதையும் அழிச்சு உங்க பேருக்கு மாத்திரட்டுங்களா?" என்று கேட்டார். கோகிலவாணி அந்தப் பேரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது, வந்துவிட்டுப் போனது. "வேண்டாமுங், இருக்கட்டும். அதை நானே அழிச்சுக்கறேன். மறுபடி எப்பத் திறப்பீங்க?"

"நாலு மணிக்குங்."

"அப்ப டயரை ஆற விடு தருண். நாலு மணிக்கு மறுபடி போறேன்."